மருத்துவக் கல்லூரியின் வாயிலில்

நுழைவுத் தேர்வு என்னும் சொல் நம் வாசகர்க்குப் புதிதன்று. வீட்டில் ஒரு பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பை எட்டிவிட்டால் அச்சொல் அடுப்பங்கரை வரை வந்துவிடுகிறது. ஆனால் இத்தகைய தேர்வுகளுக்கும் ஒரு வரலாறு உண்டு என்பதையோ, அவற்றின் வாயிலில் திகைத்து நிற்கும் ஏழைப் பிள்ளைக்குக் கைகொடுக்க முயன்றவர்களுக்கும் ஒரு வரலாறு உண்டு என்பதையோ நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. அமெரிக்க நாட்டில் நிகழ்ந்த அவ்வரலாற்றின் ஒரு பகுதியை, குறிப்பாக நியூ ஆர்லியன்ஸ் நகரில் அருட்சகோதரியர் நிறுவிய ஒரு கல்லூரியின் கதையை, இங்கே நினைவுகூர விழைகிறோம்.

அங்கே மருத்துவம் பயில விரும்புவோர் பள்ளியிலிருந்து நேரே மருத்துவக் கல்லூரிக்குச் செல்வதில்லை. நான்காண்டு இளங்கலைப் படிப்பு முதலில். அதனூடே 'எம்கேட்' எனச் சுருக்கமாக அழைக்கப்படும் தேர்வு. அதன் பின்னரே மருத்துவக் கல்லூரி. 1920களில் அந்நாட்டு மருத்துவக் கல்லூரிகளில் சேர்ந்தவர்களுள் இடையில் விலகியோர் சில இடங்களில் நூற்றுக்கு ஐவர், சில இடங்களில் நூற்றுக்கு ஐம்பதின்மர். இந்த வீணடிப்பைத் தவிர்க்கவே 1928ஆம் ஆண்டில் மாஸ் என்னும் உளவியலாளரும் அவருடன் பணியாற்றியோரும் ஒரு தகுதித் தேர்வை வகுத்தனர். நினைவாற்றல், அறிவியற் சொல்லறிவு, அச்சிட்ட பகுதியைப் படித்துப் பொருள் கொள்ளும் திறன் ஆகியவை அதில் அளக்கப்பட்டன. 1946ஆம் ஆண்டளவில் விலகுவோர் நூற்றுக்கு எழுவராகக் குறைந்தனர். தேர்வு தன் வேலையைச் செய்தது என்பதை நாம் மறுக்க வேண்டியதில்லை. யாரை அது வெளியே நிறுத்தியது என்பதே கேட்கப்படாமல் கிடந்த கேள்வி.

இவ்விடத்தில் ஒரு விந்தையான செய்தியைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. தேர்வுக்குத் தனிப்பயிற்சி அளிப்பதை மாபெரும் வணிகமாக வளர்த்த ஸ்டான்லி கப்லான் என்பவர் புரூக்ளினில் குழாய் பழுதுபார்க்கும் தொழிலாளி ஒருவரின் மகன், யூதர். 1938ஆம் ஆண்டில் பெற்றோர் வீட்டின் அடித்தளத்தில் மாணவர்களுக்குப் பாடம் சொல்லத் தொடங்கினார். அவருடைய ஆசையோ மருத்துவராவது. ஐந்து மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தார், ஒன்றும் ஏற்கவில்லை. யூத மாணவர்க்கு எழுதாத வரம்பு வைத்திருந்த காலம் அது. தம்மைப் போன்ற பெயரறியாக் கல்லூரி மாணவனுக்கும் செல்வர் வீட்டுப் பிள்ளைக்கும் பொதுவானதொரு தேர்வு இருந்திருந்தால் தமது தகுதியை மெய்ப்பித்திருக்கலாம் என்று அவர் பின்னாளில் எண்ணினார். ஆகவே தேர்வை அவர் பகையாகக் கருதவில்லை. பயிற்சியால் மதிப்பெண் உயராது என்று கல்லூரிச் சேர்க்கைத் தேர்வை நடத்தியோர் நெடுங்காலம் சாதித்து வந்தனர். 1979ஆம் ஆண்டில் அமெரிக்க அரசின் வணிக ஆணையம் ஆராய்ந்து, ஓரளவு உயர்வு உண்டு என்று கண்டது. அன்றோடு ஒன்று தெளிவாயிற்று: பயிற்சி பலன் தருமானால், அதை விலை கொடுத்து வாங்க இயலாதவன் பின்தங்குகிறான். அப்பயிற்சியின் கட்டணமோ ஆயிரக்கணக்கான டாலர்களாக வளர்ந்தது.

கறுப்பின மக்களுக்கோ வாயில் அதற்கும் முன்னரே அடைபட்டிருந்தது. 1910ஆம் ஆண்டில் ஆபிரகாம் பிளெக்ஸ்னர் என்பவர் அமெரிக்காவிலும் கனடாவிலுமாக 155 மருத்துவக் கல்லூரிகளைப் பார்வையிட்டு அறிக்கை எழுதினார். போலிக் கல்லூரிகள் மலிந்திருந்த காலத்தில் அவ்வறிக்கை நன்மை செய்தது உண்மையே. ஆனால் கறுப்பினத்தார்க்கு அன்றிருந்த ஏழு கல்லூரிகளுள் வாஷிங்டனிலுள்ள ஹோவர்டும் நாஷ்வில்லிலுள்ள மெஹாரியும் மட்டுமே நிலைக்கத் தக்கவை என்று அவர் தீர்ப்பளித்தார். கறுப்பின மருத்துவர்க்கு அறுவை மருத்துவத்தைவிடச் சுகாதார விதிகளைக் கற்பிப்பதே முதன்மை என்றும் அதில் எழுதினார். மற்ற ஐந்தும் 1923ஆம் ஆண்டுக்குள் மூடப்பட்டன. அவற்றுள் ஒன்று நியூ ஆர்லியன்ஸில் இருந்த பிளின்ட் மருத்துவக் கல்லூரி. அது 1911ஆம் ஆண்டிலேயே மறைந்தது. அந்த ஐந்தும் தொடர்ந்து நடந்திருந்தால் 35,000க்கும் மேற்பட்ட மருத்துவர்களை உருவாக்கியிருக்கும் என 2020ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அத்தனை மருத்துவர்கள் இல்லாமற்போனதால் எத்தனை நோயாளிகள் பார்ப்பாரின்றி இறந்தனர் என்பதற்கு எவரிடமும் கணக்கில்லை.

பிளின்ட் மூடப்பட்ட நான்காம் ஆண்டில், அதாவது 1915ஆம் ஆண்டில், அதே நகரில் ஒரு பள்ளி திறக்கப்பட்டது. திறந்தவர் அன்னை கத்தரீன் திரெக்செல். பிலடெல்பியா நகரின் பெரும் வங்கியாளர் ஒருவரின் மகளாக 1858ஆம் ஆண்டில் பிறந்தவர் அவர். 1887ஆம் ஆண்டில் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோவைச் சந்தித்து, செவ்விந்தியர்க்கும் கறுப்பின மக்களுக்கும் மறைப்பணியாளரை அனுப்பியருள வேண்டினார். நீயே ஏன் போகக்கூடாது என்று திருத்தந்தை திருப்பிக் கேட்டதாகச் சொல்வர். 1891ஆம் ஆண்டில் நற்கருணைச் சகோதரியர் சபையை நிறுவினார். நியூ ஆர்லியன்ஸ் பள்ளி 1917ஆம் ஆண்டில் ஆசிரியப் பயிற்சி நிலையமாகவும், 1925ஆம் ஆண்டில் கல்லூரியாகவும் வளர்ந்தது. 1927ஆம் ஆண்டில் மருந்தியற் கல்லூரியும் சேர்ந்தது. அதற்கு இடப்பட்ட பெயர் சவேரியார். நம் முத்துக்குளித்துறைக் கடற்கரையில் சிறுமணியை ஆட்டிக்கொண்டு பிள்ளைகளைக் கூட்டிய அதே பிரான்சிஸ் சவேரியார்தாம்.

ஏன் தனியொரு கல்லூரி வேண்டியிருந்தது? தென்மாநிலங்களின் கத்தோலிக்கக் கல்லூரிகள் கறுப்பினப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளவில்லை என்பதே விடை. நற்கருணை விருந்தில் ஒரே மேசை என்று போதித்த திருச்சபை, வகுப்பறையில் ஒரே பலகையை மறுத்தது. அன்னையின் சபையே பல பத்தாண்டுகள் கறுப்பினப் பெண்களைத் தன் உறுப்பினராக ஏற்கவில்லை. 2000ஆம் ஆண்டில் புனிதர் பட்டம் பெற்றவரைப் பற்றி இதைக் குறிப்பதில் குறையொன்றுமில்லை என்றே கருதுகிறோம். புனிதரும் தம் காலத்தில்தான் வாழ்ந்தனர்.

அன்னை தம் வாழ்நாளில் ஏறத்தாழ 2 கோடி டாலர்களை ஈந்தார். ஆயினும் அப்பணத்தில் ஒரு முடிச்சு இருந்தது. தந்தையின் விருப்பமுறிப்படி மகள்கள் வட்டி வருவாயை மட்டுமே நுகரலாம். அவர்கள் பிள்ளையின்றி இறந்தால் முதல் முழுவதும் தந்தை குறிப்பிட்ட அறநிலையங்களையே சேரும். 1955ஆம் ஆண்டில் அன்னை இறந்தபோது அவ்வாறே ஆயிற்று. சபைக்கு அதிலிருந்து ஒன்றும் வரவில்லை. வந்ததையெல்லாம் வந்தவுடன் ஈந்துவிட்டதால் சேமநிதியும் பெரிதாக இல்லை. ஆக, செல்வச் சீமாட்டி ஒருவர் நிறுவிய கல்லூரி ஏழைக் கல்லூரியாய் நின்றது. பின்னாளில் அங்கே உருவான பயிற்சிமுறை பணத்தை நம்பாமல் மாணவரையே நம்பியதற்கு இவ்வறுமையும் ஒரு காரணம் என்பது எம் எண்ணம்.

1968ஆம் ஆண்டில் நார்மன் பிரான்சிஸ் அதன் தலைவரானார். முடிதிருத்தும் தொழிலாளி ஒருவரின் மகன், அக்கல்லூரியிலேயே பயின்றவர், அப்பொறுப்பேற்ற முதல் பொதுநிலையினர். அவருடைய காலத்தில் வேதியியல் கற்பிக்க வந்தவர் பேராசிரியர் ஜே. டபிள்யூ. கார்மைக்கேல். மருத்துவம் பயில விரும்பிய மாணவர்கள் அவர் வகுப்பில் நிறைய இருந்தனர். ஆனால் பலர் முதலாண்டு வேதியியலிலேயே தடுக்கி விழுந்தனர். நல்ல பள்ளிகள் கிட்டாத பிள்ளைகள். அறிவு குறைந்தவர் அல்லர், பழக்கம் குறைந்தவர். அவரும் உடன் ஆசிரியரும் முதலில் செய்தது வியப்பூட்டாத வேலை. ஒரு பாடத்தை எத்தனை ஆசிரியர் எடுத்தாலும் ஒரே வரிசையில், ஒரே பயிற்சிப் புத்தகத்தைக் கொண்டு எடுப்பது என்று முடிவு செய்தனர். அப்புத்தகங்களைத் தாமே எழுதினர். சொல்லறிவுக்கெனத் தனிப்பயிற்சி வைத்தனர். வேதியியல் வகுப்பில் சொற்பொருள் தேர்வா என்று கேட்கத் தோன்றும். எம்கேட் தேர்வின் நெடும் உரைப்பகுதிகளைப் படித்துப் பொருள் கொள்ளும் பிரிவே ஏழை மாணவரை வீழ்த்தும் குழி என்பதை அவர்கள் கண்டிருந்தனர். சூத்திரத்தை ஒரு கோடையில் கற்பிக்கலாம். படிப்புப் பழக்கத்தை அவ்வாறு கற்பிக்க இயலாது.

1977ஆம் ஆண்டில் 'சோர்' என்னும் கோடைத் திட்டம் தொடங்கிற்று. ஆங்கிலத்தில் உயரப் பறத்தல் என்று பொருள்படும் சொல் அது. கல்லூரியில் காலெடுத்து வைக்குமுன்னரே மாணவர் வரவழைக்கப்பட்டனர். ஆர்தர் விம்பி என்னும் உளவியலாளரின் வழிமுறை அங்கே கையாளப்பட்டது. இருவர் இருவராக அமர்வர். ஒருவர் கணக்கைப் போடும்போது தம் மனத்தில் ஓடும் ஒவ்வொரு படியையும் உரக்கச் சொல்ல வேண்டும். மற்றவர் கேட்டுக்கொண்டே பிழையைச் சுட்ட வேண்டும், ஆனால் விடையைச் சொல்லிவிடக் கூடாது. தெரியாததைத் தெரிந்ததுபோல் தாண்டிச் செல்லும் வழக்கம் இதில் அடிபட்டுப் போகிறது. வாய்விட்டுச் சொல்லும்போது தடுமாறும் இடமே அறியாத இடம். நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை முன்னால் பிள்ளைகள் ஒப்பித்தது நினைவுக்கு வரலாம். அது மனப்பாடம், இது சிந்தனையை ஒப்பித்தல். மேல்வகுப்பு மாணவர் கீழ்வகுப்பினரைக் குழுவாக அமர்த்திப் பயிற்றுவித்தனர். சென்ற ஆண்டு விழுந்து எழுந்தவன் சொல்லும் சொல் பேராசிரியர் சொல்லைவிட விரைவாகப் பதிகிறது.

1990களில், ஏறத்தாழ மூவாயிரம் மாணவரே கொண்ட இச்சிறு நிறுவனம், கறுப்பின மாணவர்களை மருத்துவக் கல்லூரிகளுக்கு அனுப்புவதில் அமெரிக்கா முழுவதிலும் முதலிடம் பெற்றது. பேர்பெற்ற, செல்வம் கொழித்த பல்கலைக்கழகங்கள் பின்னே நின்றன.

இங்கே ஒரு மறுப்பையும் எண்ண வேண்டும். தேர்வு நேர்மையற்றது என்றால் அதை மாற்றப் போராடாமல், அதற்குப் பிள்ளைகளைப் பழக்குவது அந்நேர்மையின்மைக்கு உடன்படுவதாகாதா? தேர்வும் மாறியே வந்திருக்கிறது. வளர்ந்த சூழலை அளக்கிறது என்ற கண்டனங்களுக்கிடையே பொது அறிவுப் பிரிவு 1977ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. 2015ஆம் ஆண்டில் உளவியலும் சமூகவியலும் சேர்க்கப்பட்டன. சட்டமும் இருபக்கம் ஆடிற்று. கலிபோர்னியாவின் டேவிஸ் மருத்துவக் கல்லூரி 100 இடங்களில் 16ஐச் சிறுபான்மையினர்க்கு ஒதுக்கியதை 1978ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் செல்லாதென்றது. இனத்தை ஒரு காரணியாகக் கருதலாம் என்று அன்று விட்டுவைத்த இடைவெளியை 2023ஆம் ஆண்டில் அடைத்தது. 1991ஆம் ஆண்டில் மருத்துவக் கல்லூரிகளின் சங்கம், 2000ஆம் ஆண்டுக்குள் சிறுபான்மை மாணவர் ஆண்டுக்கு 3,000 பேரைச் சேர்ப்பதென உறுதி பூண்டது, எட்டவில்லை. 1978ஆம் ஆண்டில் மருத்துவக் கல்லூரிகளில் சேர்ந்த கறுப்பின ஆண்கள் 542 பேர். 2014ஆம் ஆண்டில் 515 பேர். முப்பத்தாறு ஆண்டுகள் கடந்தபின் நிலை இது.

தேர்வு மாறும்வரை காத்திரு என்று பதினெட்டு வயதுப் பிள்ளையிடம் சொல்ல நமக்கு வாய் வருமா? வராது. ஆனால் இலவசப் பயிற்சி எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்றும் நாம் நம்பவில்லை. 2013ஆம் ஆண்டில் கான் அகாதெமி என்னும் நிறுவனம் மருத்துவக் கல்லூரிகளின் சங்கத்தோடு இணைந்து எம்கேட் பாடங்களைக் கட்டணமின்றி வழங்கும் முயற்சியைத் தொடங்கிற்று. பாடம் இலவசமாயிற்று, அதைப் படிக்கும் மாலைப்பொழுது இலவசமாகவில்லை. கடையில் நின்று கூலி பெற்று வீட்டுக்கு அனுப்பும் மாணவன் அந்த நேரத்தை யாரிடம் வாங்குவான்? சவேரியார் கல்லூரியின் சிறப்பு இங்கேதான் என்று நினைக்கிறோம். அங்கே பயிற்சி, தேர்வுக்கு முன் வரும் மூன்று மாதச் சரக்காக இருக்கவில்லை. முதலாண்டு வகுப்பிலேயே கலந்திருந்தது.

அங்கே பயின்று 1979ஆம் ஆண்டில் பட்டம் பெற்றவருள் ஒருவர் ரெஜினா பெஞ்சமின். கல்லூரிக்கு வருமுன் கறுப்பின மருத்துவர் ஒருவரைக்கூடத் தாம் கண்டதில்லை என்று அவர் கூறியிருக்கிறார். மருத்துவராகி, அலபாமா மாநிலத்தின் பாயூ லா பாத்ர என்னும் மீனவச் சிற்றூரில் 1990ஆம் ஆண்டில் ஒரு சிகிச்சை நிலையம் அமைத்தார். 1998ஆம் ஆண்டுப் புயலில் அது அழிந்தது, கட்டினார். 2005ஆம் ஆண்டில் கத்ரீனா புயல் அழித்தது, கட்டினார். திறக்க இருந்த வேளையில், 2006ஆம் ஆண்டின் முதல் நாளில், தீ அழித்தது. மீண்டும் கட்டினார். 2009ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் தலைமைப் பொதுநல மருத்துவர் பதவி அவருக்கு வந்தது.

அதே கத்ரீனா புயலில் சவேரியார் பல்கலைக்கழக வளாகமும் வெள்ளத்தில் அமிழ்ந்தது. மாணவர் நாடெங்கும் சிதறினர். 2006ஆம் ஆண்டு சனவரியில் கதவுகள் மீண்டும் திறந்தன; இழந்த மாதங்களை ஈடுசெய்ய ஓய்வின்றிப் பாடம் நடத்தி, அவ்வாண்டு ஆகஸ்டில் பட்டமளிப்பு விழாவையும் நிகழ்த்தினர்.

2024ஆம் ஆண்டில் அப்பல்கலைக்கழகம் ஆக்ஸ்னர் என்னும் மருத்துவமனை நிறுவனத்தோடு உடன்படிக்கை செய்துகொண்டு, நியூ ஆர்லியன்ஸில் தனக்கெனவே ஒரு மருத்துவக் கல்லூரி நிறுவும் பணியில் இறங்கியது. பிளின்ட் கல்லூரி மூடப்பட்டு அப்போது 113 ஆண்டுகள் ஆகியிருந்தன.