சாய்ந்த கூரையா, மொட்டை மாடியா? நம் தலைக்கு மேல் ஒரு வரலாறு

வீடு கட்டவோ புதுப்பிக்கவோ நினைக்கும் குடும்பங்களில் கட்டாயம் எழும் கேள்வி இது. கூரை சாய்வாக இருக்கட்டுமா, மொட்டை மாடியாக இருக்கட்டுமா? அழகையும் செலவையும் பார்த்து நாம் முடிவெடுத்து விடுகிறோம். ஆனால், இதே கேள்விக்கு நம் வட்டாரம் இருநூறு ஆண்டுகளாகப் பதில் தேடி வந்திருக்கிறது. அந்தத் தேடலில் உயிர்கள்கூடப் பலியாகியுள்ளன.

முதலில் அத்தாப்பு. நீப்பா பனையோலையால் வேய்ந்த, நன்கு சரிந்த கூரை. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் மண்ணில், தண்ணீர் தேங்காமல் வழிந்தோட அந்தச் சரிவு அவசியம். சூடான காற்றும் மேலெழும்பி ஓலை இடுக்கு வழியே வெளியேறிவிடும். சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் சாலையில் இன்று கோபுரத்தோடு நிற்கும் ஸ்ரீ மாரியம்மன் கோயில்கூட, 1827ல் மரத்தாலும் அத்தாப்பாலும் எழுந்ததுதான். 1843ல்தான் அது செங்கல் கட்டடமாயிற்று.

அத்தாப்புக்கு எமன் நெருப்பு. 1822ல் நகரத் திட்டத்தை வகுத்த ராஃபிள்ஸ், செங்கல்லும் ஓடும் கொண்ட கட்டடங்களுக்கு ஒரே சீரான முகப்பும், முன்புறம் தொடர்ச்சியான நடைபாதையும் வேண்டும் என்றார். ஐந்தடிப் பாதையும் ஓட்டுக்கூரையும் கொண்ட கடைவீடுகள் அப்படித்தான் வரிசை கட்டின. கோலாலம்பூருக்கோ 1881ஆம் ஆண்டு மறக்க முடியாதது. ஒரே ஆண்டில் தீயும் வெள்ளமும் அந்நகரைச் சூறையாடின. அதன்பின் சுவெட்டன்ஹாம் காலத்தில் நகரம் செங்கல்லுக்கும் ஓட்டுக்கும் மாறியது. அதற்குச் செங்கல் தந்த சூளைகள் இருந்த இடமே, நம்மவர்கள் நிறைந்த பிரிக்பீல்ட்ஸ். பெயரிலேயே செங்கல் இருக்கிறது!

அப்படியானால் மொட்டை மாடி எங்கிருந்து வந்தது? தமிழர்களுக்கு அது புதிதல்ல. மழை குறைந்த தமிழகத்தில் வடகம் காயவைக்கவும், கோடை இரவில் பாய் விரித்துப் படுக்கவும் உதவிய இடம் அது. ஆனால், சிங்கப்பூரில் தட்டைக் கூரையைக் கொண்டுவந்தது ஊர் நினைவு அல்ல; கான்கிரீட். 1936ல் தியோங் பாருவில் எழுந்த அடுக்குமாடி வீடுகள் இதற்கு நல்ல உதாரணம்.

1961 மே 25, ஹஜ்ஜுப் பெருநாள். புக்கிட் ஹோ சுவீ கம்பத்தில் பற்றிய தீயில் நால்வர் மாண்டனர். ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தனர். அதற்கு முந்தைய ஆண்டுதான் தொடங்கப்பட்டிருந்த வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், ஓராண்டுக்குள் அவர்களுக்கு அடுக்குமாடி வீடுகளைக் கொடுத்தது. தட்டையான கான்கிரீட் கூரை அன்று அழகுக்காக வந்ததல்ல. தீ பரவாத கூரையின்கீழ் மக்கள் நிம்மதியாக உறங்க வேண்டும் என்பதே நோக்கம்.

நெருப்பை வென்ற கான்கிரீட்டுக்கு வெயிலும் மழையும் சவாலாயின. பகலெல்லாம் குடித்த வெப்பத்தை அது இரவில் வீட்டுக்குள் விடும். அதனால்தான் கழகக் கட்டடங்களின் மேல்தளத்தில், சிறு இடைவெளி விட்டு இரண்டாவது அடுக்காகப் பலகைகள் பதிக்கப்பட்டன. 1980களில் பொத்தோங் பாசிரில் சரிவான கூரையோடு அடுக்குமாடிகளே எழுந்தன. சாய்ந்த கூரை திரும்பி வந்தது! இப்போது காற்று மறுபடியும் திசை மாறியிருக்கிறது. 2014ல் தொடங்கிய 'சோலார்நோவா' திட்டத்திற்குப் பிறகு, அடுக்குமாடிகளின் தட்டைக் கூரைகள் மின்சாரம் தருகின்றன.

இந்த வரலாறு நமக்குச் சொல்வது என்ன? எந்தக் கூரையும் எல்லாக் காலத்துக்கும் சரியானதல்ல. ஒவ்வொன்றும் ஒரு பகையை வென்று, இன்னொன்றிடம் வாசலைத் திறந்து வைக்கிறது.

மொட்டை மாடி என்றால், அது உண்மையில் தட்டையாக இருக்கக் கூடாது. வடிகாலை நோக்கி இலேசான சாய்வு வேண்டும். நீர்க்கசிவைத் தடுக்கும் பூச்சுக்கும் ஆயுள் உண்டு; காலம் முடிந்தால் புதுப்பித்தே ஆக வேண்டும். ஓட்டுக்கூரை என்றால், உடைந்த ஓடு, இலை அடைத்த தாழ்வாரப் பீலி, மரச்சட்டத்தில் கறையான் ஆகிய மூன்றையும் கண்காணிக்க வேண்டும். தொடர்வரிசை வீட்டில் வசிப்பவர்கள் ஒன்றை மறந்துவிடக் கூடாது. உங்கள் கூரையை மாற்றினால், மழைநீர் பக்கத்து வீட்டுச் சுவரில் இறங்கலாம். அப்புறம் ஒழுகுவது கூரை மட்டுமல்ல, உறவும்தான்.

ஆகவே, வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வீடு கட்டும் அன்பர்களே, குத்தகையாளரிடம் "எது அழகு?" என்று கேட்பதற்கு முன், "பெய்யும் மழை எந்த வழியாக வெளியேறும்?" என்று கேளுங்கள். அதற்குத் தெளிவான பதில் கிடைத்த பிறகு, கூரையின் வடிவத்தைப் பற்றிப் பேசலாம்.