‘கேட்டில் கிளாஸ்’ முதல் ‘வெள்ளை யானை’ வரை: ஆங்கில மரபுத்தொடர்கள் உணர்த்தும் பொருள் என்ன?

திருவனந்தபுரம்: ஆங்கில மரபுத்தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துப் புரிந்துகொண்டால் ஓர் அமைச்சரின் பதவிக்கே நெருக்கடி ஏற்படலாம். திருவனந்தபுரம் எம்.பி. சசி தரூர், வெளியுறவுத் துறை இணையமைச்சராக இருந்த 2009 செப்டம்பரில் வெளியிட்ட ட்விட்டர் பதிவே இதற்குச் சான்று.

மத்திய அரசு சிக்கன நடவடிக்கைகளை வலியுறுத்தி வந்த நேரம் அது. அடுத்த முறை கேரளத்துக்கு ‘கேட்டில் கிளாஸ்’ வகுப்பில் செல்வீர்களா எனப் பத்திரிகையாளர் ஒருவர் வினவினார். தரூர் அச்சொல்லையே திருப்பிக் கூறி, ‘ஹோலி கவ்ஸ்’ அனைவருக்கும் ஆதரவாக அவ்வாறே பயணிப்பேன் என்று பதிலளித்தார்.

‘கேட்டில் கிளாஸ்’ என்பது விமானத்தின் சாதாரண வகுப்பைக் குறிக்கும் கேலிச்சொல். பயணிகளை மந்தைபோல் அடைத்துச் செல்லும் விமான நிறுவனங்களே அக்கேலியின் இலக்கு, பயணிகள் அல்லர். ‘ஹோலி கவ்ஸ்’ என்று தரூர் குறிப்பிட்டது, எவரும் கேள்வி கேட்கத் துணியாத கொள்கைகளை. ‘சேக்ரட் கவ்’ என்பதே இப்பொருளில் பெருவழக்கு. பசுவை இந்துக்கள் புனிதமாகப் போற்றுவதிலிருந்து ஆங்கிலத்தில் உருவான தொடர் அது. ‘ஹோலி கவ்!’ என வியப்புடன் தனித்துக் கூறினால் ‘அடேயப்பா!’ என்றே பொருள்.

ஆனால், ‘மாட்டு வகுப்பு’, ‘புனிதப் பசுக்கள்’ என்று பெயர்த்தபோது எளிய பயணிகளையும் கட்சித் தலைமையையும் இழிவுபடுத்தியதாகவே அப்பதிவு புரிந்துகொள்ளப்பட்டது. அப்போதைய ராஜஸ்தான் முதல்வர் அசோக் கெலாட், தரூர் பதவி விலக வேண்டும் என்றார். பிரதமர் மன்மோகன் சிங்கோ அது நகைச்சுவை என்று கூறினார். அத்தொடர் மலையாளத்தில் இன்னும் மோசமாக ஒலிப்பதாக அறிந்ததைக் குறிப்பிட்டு தரூர் வருத்தம் தெரிவித்தார்.

எல்லாத் தொடர்களும் இப்படி இடறுவதில்லை. பயனின்றிச் செலவு மட்டும் வைப்பதைக் குறிக்கும் ‘வெள்ளை யானை’, போலி அழுகையைச் சுட்டும் ‘முதலைக் கண்ணீர்’ ஆகியவை நேரடி மொழிபெயர்ப்பிலேயே தமிழில் நிலைத்துவிட்டன. ‘ஒன்ஸ் இன் எ புளூ மூன்’ என்பதற்கு நீல நிலவைத் தேட வேண்டியதில்லை. ‘அத்தி பூத்தாற்போல்’ நம்மிடமே உள்ளது. ‘பிரேக் எ லெக்’ என்பது காலை உடைக்கும் மிரட்டல் அன்று, மேடையேறும் கலைஞருக்கான வாழ்த்து. ‘கிக் தி பக்கெட்’ என்றால் இறத்தல். ‘மண்டையைப் போடுதல்’ அதற்கு இணையானது. இரண்டுமே மரியாதைக் குறைவானவை என்பதால் இரங்கல் செய்திக்கு ஆகாதவை.

ஆங்கிலேயருக்கும் அமெரிக்கருக்கும் இடையிலேயே பொருள் மாறும் தொடரும் உண்டு. தீர்மானத்தை ‘டேபிள்’ செய்தல் என்றால் பிரிட்டனில் விவாதத்துக்கு முன்வைத்தல், அமெரிக்காவில் ஒத்திவைத்தல். இந்திய நாடாளுமன்றத்தில் பிரிட்டிஷ் வழக்கே பின்பற்றப்படுகிறது.