கண் திறந்தபின்: அரக்கோணம் வட்டாரத்தில் தாழ்சர்க்கரைக்கான அவசர சிகிச்சை

ஆடிக் கிருத்திகைக்கு அரக்கோணம் சந்திப்பில் இறங்கித் திருத்தணி மலையேறுகிறவர்களில் சர்க்கரை நோயாளிகளும் உண்டு. விரதத்தில் சாப்பாட்டை விடுபவர் மாத்திரையை விடாவிட்டால் ஆபத்து. விடியற்காலை மின்சார ரயிலுக்கு ஓடுகிறவருக்கும் அப்படித்தான்: மாத்திரை வீட்டில், டிபன் சென்னையில். இப்படி மயங்கி வருபவர் கண் திறந்ததும் சிகிச்சை முடிந்ததாகக் கொள்வது தவறு என்பதே என் வாதம். மயக்கத்துக்குக் காரணமான மருந்து எது என்பதை வைத்தே சிகிச்சையின் நீளத்தைத் தீர்மானிக்க வேண்டும்.

ரத்தச் சர்க்கரை 70 மி.கி.க்குக் கீழே போனால் தாழ்வு. 54-க்குக் கீழே போனால் மூளை தடுமாறும். ஒரு பக்கம் கைகால் விழுவதும் வாய் குழறுவதும் பக்கவாதம் போலவே தோன்றும். விரலில் குத்திப் பார்க்காமல், ஸ்கேனுக்கென்று சுமார் 70 கி.மீ. தள்ளியுள்ள சென்னைக்கு அனுப்புவதற்கு எந்த நியாயமும் இல்லை.

அடுத்தது, ஏற்றும் டெக்ஸ்ட்ரோஸ் எனும் குளுக்கோஸ் கரைசலின் செறிவு. 50 சதவீதக் கரைசல் 50 மி.லி.யிலும் 25 சதவீதக் கரைசல் 100 மி.லி.யிலும் இருப்பது அதே 25 கிராம்தான். ஆனால் 50 சதவீதக் கரைசல் ரத்தக்குழாய்க்கு வெளியே கசிந்தால் தசை வெந்துபோகும். மூர், வுல்லார்டு இருவரும் 2005-இல் வெளியிட்ட பிரிட்டிஷ் ஆய்வில், 51 பேருக்கு 10 அல்லது 50 சதவீதக் கரைசலை 5 கிராம் 5 கிராமாக ஏற்றினார்கள். இரு பிரிவினரும் தெளிய ஆன இடைநிலை நேரம் 8 நிமிடமே. தேவைப்பட்ட குளுக்கோஸ் முதல் பிரிவில் 10 கிராம், மற்றதில் 25 கிராம். சிறிய ஆய்வுதான், ஆனாலும் 'கெட்டியானதுதான் வேகமாக வேலை செய்யும்' என்ற நம்பிக்கையை அசைக்க அது போதும்.

சிக்கல் அதற்குப் பின்தான். கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரைகள் கணையத்தை இன்சுலின் சுரக்கச் சொல்லிக்கொண்டே இருப்பவை. கிளிபென்கிளமைடின் வேலை ஒரு நாள் வரை நீளும், சிறுநீரகம் பழுதானால் இன்னும் நீளும். ஏற்றிய குளுக்கோஸே கணையத்தை மறுபடி தூண்டுவதால், மாலையில் வீடு திரும்பியவர் நள்ளிரவில் மீண்டும் மயங்கலாம். இவர்களுக்கு 24 மணி நேரக் கண்காணிப்பு வேண்டும்; சர்க்கரை திரும்பத் திரும்ப இறங்கினால் இன்சுலின் சுரப்பை அடக்கும் ஆக்ட்ரியோடைடு ஊசி. உலக சுகாதார நிறுவனம் 60 வயதுக்கு மேல் கிளிபென்கிளமைடு பொருந்தாது என்று 2013-லேயே குறித்துவிட்டது.

வோக்லிபோஸ் கலந்த மாத்திரை போட்டவருக்குக் கற்கண்டு உடனே உதவாது. கரும்புச் சர்க்கரையைக் குடலில் உடைக்கும் நொதியை அம்மருந்து தடுக்கிறது. விழுங்கும் நிலையில் இருந்தால் குளுக்கோஸ் பவுடர்தான் தர வேண்டும்.

படுக்கை எங்கே என்று கேட்பார்கள், நியாயமான கேள்வி. எல்லோரையும் சேர்க்கச் சொல்லவில்லை. குறுகிய நேர இன்சுலின் போட்டவர், காரணம் தெளிவாகி, வயிறாரச் சாப்பிட்டு, அளவும் நிலைத்துவிட்டால் துணையோடு போகலாம். கணையத்தைத் தூண்டும் மாத்திரை போட்டவர், அதிலும் முதியவரும் சிறுநீரக நோயாளியும், தங்க வேண்டும். பிரித்தறிய மாத்திரையின் பெயர் தெரிய வேண்டும். வீட்டாரோ 'வெள்ளை மாத்திரை, காலையில ஒண்ணு' என்பார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவரும் தன்னார்வலருக்கு அந்தப் பெயர் தெரியும். அவசர சிகிச்சை அறையிலிருந்து அவருக்கு ஒரு போன் போனாலே யாருக்குப் படுக்கை என்பது தெரிந்துவிடும்.