கேயாஸ் இளவரசன் (நாவல்)

அமெரிக்க எழுத்தாளர் ரோஜர் ஜெலாஸ்னி (1937–1995) எழுதி 1991இல் வெளியான மிகுபுனைவு நாவல். பத்து நாவல்கள் கொண்ட ஆம்பர் வரிசையில் கடைசி நூல். நினைத்த உருவம் எடுக்கக்கூடிய மெர்லினும் ஜுர்ட்டும் இதன் மையப் பாத்திரங்கள். இருவருக்கும் தாய் ஒருத்தி, தந்தை வேறு வேறு; தம்பி ஜுர்ட் அண்ணன் மெர்லினுக்குப் பகைவன்.

இந்த உடன்பிறந்தார் சண்டையின் வேர் 1970இல் வந்த 'ஆம்பரின் ஒன்பது இளவரசர்கள்' நாவலில் இருக்கிறது. ஜெலாஸ்னி கொலம்பியா பல்கலைக்கழகத்தில் எலிசபெத் காலத்து ஆங்கில நாடகங்களைப் படித்தவர். அரண்மனைச் சூழ்ச்சியும் பழிவாங்கலும் அங்கே அவருக்குப் பழகியவை. அந்த நாவலில் ஆம்பர் ஒன்றே மெய்யுலகம்; நம் பூமி உட்பட மற்றவை அதன் நிழல்கள். அதன் அரசன் ஓபரான் காணாமல் போக, பிள்ளைகள் அரியணைக்காக ஒருவரையொருவர் வேட்டையாடுகிறார்கள்.

உருமாற்றம் வலுவாக நுழைவது 1972இல் வந்த இரண்டாம் நாவலின் முடிவில். ஆம்பர் கோட்டையின் அடியாழத்தில், தரையில் ஒளிரும் வளைகோடுகளால் ஆன கோலம் ஒன்று உண்டு. அரச ரத்தம் உள்ளவர்களே அதன்மேல் நடக்கமுடியும். பாதியில் நின்றால் சாவு. டாரா என்ற பெண் அதில் நடக்கிறாள். நடக்க நடக்க அவள் உருவம் ஒன்று மாற்றி ஒன்றாக மாறிக்கொண்டே போகிறது. அவளைத் தன் அண்ணன் பெனடிக்டின் வழிவந்தவள் என்று மட்டும் நம்பியிருந்த, ஓபரானின் மகன் கோர்வின் திகைத்து நிற்கிறான். வரிசை முழுவதிலும் இதற்கு ஈடான காட்சி குறைவு.

அந்த டாராவுக்கும் கோர்வினுக்கும் பிறந்தவன் மெர்லின். 1985 முதல் 1991 வரை வந்த பின் ஐந்து நாவல்களையும் அவனே சொல்கிறான். கணினி படித்தவன், மந்திரமும் கற்றவன். தாயின் நாடான கேயாஸில் உருமாறுவது சாபமோ அதிசயமோ அல்ல, பிறப்போடு வரும் சொத்து. அதனால் அங்கே யாருடைய முகத்தையும் நம்பமுடிவதில்லை. தம்பி ஜுர்ட் பொறாமையில் மெர்லினைக் கொல்லத் துடிக்கிறான். கூடுதல் சக்திக்காக மந்திர ஊற்று ஒன்றில் தன் உடலையே பணயம் வைக்கிறான். கேயாஸின் அரசன் ஸ்வேவில் இறந்ததும் மெர்லினைப் பட்டத்தில் அமர்த்தத் தாயே சூழ்ச்சி செய்ய, கொல்ல வந்த தம்பி அண்ணன் பக்கம் சாய்கிறான்.

பின் ஐந்தில் முதலாவது நாவல் 1986இல் லோகஸ் விருது பெற்றது. ஆனாலும் இவை முன் ஐந்துக்கு ஈடாகா. சதிகாரர்கள் பெருகிப் பெருகி, யார் எதற்காகச் சதி செய்கிறார் என்பதே மறந்துவிடுகிறது. ஜுர்ட்டின் மனமாற்றம் மட்டும் தனித்து நிற்கிறது. பாதி வழியில் சலித்துக் கீழே வைத்தவர்கள் இழப்பது அதைத்தான்.

இந்த நாவலுக்குப் பிறகு ஜெலாஸ்னி ஆம்பர் உலகைப் பற்றிச் சில சிறுகதைகள் மட்டுமே எழுதினார். 2002 முதல் ஜான் கிரிகரி பெட்டன்கோர்ட் முன்கதைகள் எழுதினார். புதிதாகப் படிப்பவர்கள் 1970 நாவலிலிருந்தே தொடங்கவேண்டும். நேரே இந்தக் கடைசி நாவலுக்குள் நுழைந்தால் யார் யாருக்கு என்ன உறவு என்பதே பிடிபடாது.