தனியாகப் படித்தவர்கள்: முதலாம் ஆண்டு மாணவர்களின் ஒரு வரலாறு

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்புக்கு ஏற்றபடி சற்றே திருத்தப்பட்டுள்ளது.)

இன்றைக்கு ஒரு கணக்கு வகுப்பின் வரலாறு. கணக்குன்னதும் பயந்துடாதீங்க, ஒரு சமன்பாடு கூட வராது.

முதலில் நமக்கெல்லாம் தெரிந்த ஒரு காட்சி. காலேஜ் ஹாஸ்டல் வாசல். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு பிளாஸ்டிக் பக்கெட், சுருட்டிய பாய். அப்பா பஸ் ஏறும் முன் "நல்லாப் படிப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறார். பையன் பன்னிரண்டாம் வகுப்பில் ஊருக்கே முதல் மார்க். ஆறு மாதம் கழித்து முதல் செமஸ்டர் ரிசல்ட் வருகிறது. எம் ஒன் பேப்பரில் அரியர்.

அந்தப் பையன்களில் நானும் ஒருவன். அன்றைக்கு எனக்குச் சொல்லப்பட்ட காரணங்கள் இன்னும் நினைவிருக்கு. "ஹாஸ்டல் சுதந்திரம் கெடுத்துடுச்சு." "தமிழ் மீடியம்ல, அதான்." "அடிப்படையே சரியில்ல." எல்லாக் காரணமும் என்னிடமே இருந்தது. கல்லூரியிடம் ஒன்று கூட இல்லை.

ஐம்பது ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் ஒருவர் இதே காரணங்களைக் கேட்டார். கேட்டுவிட்டு, இது உண்மைதானா என்று பார்க்கக் கிளம்பினார். அவர் கண்டுபிடித்ததுதான் இன்றைய கதை.

பிழைத்தவன் படிக்கட்டும்

அந்தக் காலத்து அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் மனநிலையைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். முதல் நாள் வரவேற்பில் பேராசிரியர்கள் சொல்வதாக ஒரு வசனம் அங்கே ரொம்பப் பிரபலம்: "உன் இடப்பக்கம் பார், வலப்பக்கம் பார். உங்கள் மூவரில் ஒருவர் அடுத்த வருஷம் இங்கே இருக்க மாட்டார்." இதைப் பெருமையாகச் சொல்வார்கள். வடிகட்டுவதுதான் முதலாம் ஆண்டின் வேலை என்று நம்பிய காலம் அது.

ஆனால் மாணவர்கள் மாறிக்கொண்டிருந்தார்கள். 1944-ல் வந்த ஒரு சட்டம், இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்கள் அரசுச் செலவில் கல்லூரியில் படிக்க வழி செய்தது. 1964-ல் குடிமை உரிமைகள் சட்டம் வந்தது. குடும்பத்தில் யாருமே கல்லூரி வாசலை மிதித்திராத பிள்ளைகள் பெரிய அளவில் உள்ளே வந்தார்கள். வடிகட்டி மட்டும் அப்படியே இருந்தது.

அதை மாற்ற நினைத்தவர்களில் ஒருவர் தெற்குக் கரோலினா பல்கலைக்கழகத்தின் தலைவர் தாமஸ் ஜோன்ஸ். அவர் மனம் மாறியதற்குக் காரணம் ஒரு கலவரம். 1970 மே 4 அன்று கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் போராடிய மாணவர்கள் மீது தேசியக் காவல் படை சுட்டதில் நான்கு பேர் இறந்தார்கள். நாடெங்கும் வளாகங்கள் கொதித்தன. தெற்குக் கரோலினாவில் மாணவர்கள் நிர்வாகக் கட்டடத்துக்குள் புகுந்தார்கள். ஜோன்ஸ் தன் அறைக்குள்ளேயே அடைபட்டுக் கிடந்தார்.

வேறொருவராக இருந்தால் அடுத்த நாளே காவலைப் பலப்படுத்தியிருப்பார். ஜோன்ஸ் யோசித்தது வேறு மாதிரி: இந்தப் பிள்ளைகளுக்கு இந்த இடம் ஏன் இவ்வளவு அந்நியமாகப் போனது? 1972-ல் 'யூனிவர்சிட்டி 101' என்று ஒரு பாடம் தொடங்கினார். முதலாம் ஆண்டு மாணவர்கள் சிறு குழுவாக ஓர் ஆசிரியரோடு உட்கார்ந்து, பல்கலைக்கழகம் என்றால் என்ன, இங்கே எப்படி வாழ்வது, எப்படிப் படிப்பது என்று பேசுவதுதான் பாடம். ஆசிரியர்களுக்கும் தனிப் பயிற்சி உண்டு. 1974-லிருந்து இதை நடத்திய ஜான் கார்ட்னர் இதை ஓர் இயக்கமாகவே வளர்த்தார். இன்று அமெரிக்காவில் ஏராளமான கல்லூரிகளில் இப்படி ஒரு முதலாண்டுப் பாடம் இருப்பதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம்.

ஆக, அந்நியத்தைக் குறைக்க ஒரு வழி கிடைத்தது. ஆனால் அரியர்? கணக்கில் தோற்கிறவனை அன்பாக வரவேற்றால் மட்டும் கணக்கு வந்துவிடுமா? இந்தக் கேள்விக்குப் பதில் நாட்டின் இன்னொரு கோடியில், கலிஃபோர்னியாவில் கிடைத்தது.

நாலு காரணங்கள்

1970களின் நடுப்பகுதி. பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம். யூரி ட்ரைஸ்மன் என்ற ஆய்வு மாணவர் அங்கே கணக்குத் துறையில், பாடம் எடுக்கும் உதவியாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலையில் இருந்தார்.

அங்கே ஒரு விஷயம் எல்லோர் கண்ணிலும் பட்டது. முதல் பருவக் கால்குலஸைப் படித்து முடித்த கறுப்பின மாணவர்களில் சுமார் 60 சதவீதம் பேர் டி அல்லது எஃப் கிரேடு. நம்ம பாஷையில, தட்டுத்தடுமாறிப் பாஸ், இல்லன்னா ஃபெயில். அமெரிக்காவில் பொறியியலோ மருத்துவமோ அறிவியலோ படிக்க இந்தக் கால்குலஸ்தான் வாசல். வாசலிலேயே விழுந்துவிட்டால் டாக்டர் கனவு அங்கேயே முடிந்தது. அதே வகுப்பில் சீன வம்சாவளி மாணவர்கள் பிரமாதமாகச் செய்துகொண்டிருந்தார்கள்.

ஏன் இப்படி என்று ட்ரைஸ்மன் சக ஆசிரியர்களையும் நிர்வாகிகளையும் கேட்டார். நாலு பதில் வந்தது. ஒன்று, அவர்களுக்கு ஊக்கம் போதாது. இரண்டு, பள்ளியில் அடிப்படை சரியில்லை. மூன்று, குடும்பத்தில் ஆதரவு இல்லை. நான்கு, வறுமை.

சொன்னவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. பெரும்பாலும் அனுதாபத்தோடுதான் சொன்னார்கள். ஆனால் கவனிங்க, என் ஹாஸ்டல் காலத்துக் காரணங்கள் மாதிரியே இந்த நாலுமே மாணவனிடம்தான் இருக்கின்றன. பாடம் நடத்திய விதத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ட்ரைஸ்மன் இருபது கறுப்பின மாணவர்களையும் இருபது சீன வம்சாவளி மாணவர்களையும் தேர்ந்தெடுத்தார். முதலில் பேட்டி எடுத்துப் பார்த்தார். பெரிதாக ஒன்றும் தேறவில்லை. "நீ எப்படிப் படிக்கிற?" என்று கேட்டால் யாருக்குத்தான் சரியாகச் சொல்லத் தெரியும்? அதனால் அவர்கள் கூடவே போனார். விடுதி அறை, நூலகம், வீடு என்று கேமராவோடு மாதக்கணக்கில் அலைந்தார். குடும்பத்தாரோடும் பேசினார்.

நாலு காரணங்களும் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. ஊக்கமில்லை என்றார்களே, இவர்களில் பலர் தங்கள் பள்ளியிலேயே முதல் மாணவர்கள், தங்கள் தெருவுக்கும் தேவாலயத்துக்கும் பெருமை. குடும்ப ஆதரவு இல்லை என்றார்களே, பிள்ளை பிறக்கும் முன்பே கல்லூரிக்கு அனுப்புவது என்று தீர்மானித்துவிட்ட பெற்றோர்கள் அவர்களில் இருந்தார்கள். வருமானத்தையோ பள்ளி மதிப்பெண்ணையோ வைத்துப் பார்த்தாலும், யார் தேறுவார் யார் தவறுவார் என்று சொல்ல முடியவில்லை.

அப்படின்னா வித்தியாசம் எங்கே?

ராத்திரி நடப்பது

வித்தியாசம் வகுப்பு முடிந்த பிறகு இருந்தது.

சீன வம்சாவளி மாணவர்கள் வாரத்துக்குச் சுமார் 14 மணி நேரம் கால்குலஸுக்குச் செலவிட்டார்கள். அதில் பெரும்பகுதி தனியாகத்தான். ஆனால் ராத்திரி ஆனதும் ஒன்று சேர்வார்கள். சேர்ந்து சாப்பிடுவார்கள், வீட்டுப்பாடத்தை ஒப்பிடுவார்கள், ஒருவர் விடையை இன்னொருவர் திருத்துவார், பழைய கேள்வித்தாள்களைப் போட்டுப் பார்ப்பார்கள். இதில் ஒரு பெரிய லாபம் இருக்கு. ஒரு கணக்கு யாருக்குமே வரவில்லை என்றால், அது கஷ்டமான கணக்கு என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். தனக்கு மட்டும் வரவில்லை என்றால், எதைத் திரும்பப் படிக்கணும்னு தெரிந்துவிடும். பரீட்சைக்கு முன்பே தான் எங்கே நிற்கிறோம் என்பது ஒவ்வொருவருக்கும் தெரியும்.

கறுப்பின மாணவர்கள் இருபது பேரில் பதினெட்டுப் பேர் எப்போதும் தனியாகவே படித்தார்கள். வாரத்துக்கு ஆறிலிருந்து எட்டு மணி நேரம். அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? வகுப்பில் ஒரு மணி நேரம் என்றால் வெளியே இரண்டு மணி நேரம் படிக்கணும் என்று பல்கலைக்கழகம் சொல்லியிருந்தது. அவர்கள் அதை அப்படியே கடைப்பிடித்தார்கள். வகுப்புக்கு ஒழுங்காகப் போனார்கள், வீட்டுப்பாடத்தை நேரத்துக்குக் கொடுத்தார்கள். கடைசியில் கையில் கிடைத்தது மோசமான கிரேடு. சொன்னதையெல்லாம் செய்தும் தோற்றால் ஒரு பதினெட்டு வயசுப் பிள்ளை என்ன நினைக்கும்? "எனக்குத் தகுதி இல்லை போலிருக்கு." வேறென்ன நினைக்க முடியும்?

தனியாக ஏன் படித்தார்கள்? அவர்களைப் பெர்க்லி வரை கொண்டுவந்ததே அந்தப் பழக்கம்தான். பள்ளியில் கவனம் சிதறாமல், விளையாட்டுத் தோழர்களிடமிருந்து ஒதுங்கி, கதவைச் சாத்திக்கொண்டு படித்துத்தான் முன்னுக்கு வந்தார்கள். கல்லூரியிலும் அவர்களுக்கு நண்பர்கள் இருந்தார்கள். ஆனால் நட்பு ஒரு பக்கம், படிப்பு ஒரு பக்கம். பள்ளியில் ஜெயிக்க வைத்த பழக்கமே இங்கே தோற்க வைத்தது. அதை அவர்களிடம் சொல்ல ஆள் இல்லை.

இதைப் படித்தபோது எனக்கு என் ஹாஸ்டல் அறையின் மூலைதான் ஞாபகம் வந்தது. சுவரைப் பார்த்து உட்கார்ந்து இங்கிலீஷ் புத்தகத்தை வரி வரியாக மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். பக்கத்து அறையிலும் ஒருவன் அதே பக்கத்தில் திணறிக்கொண்டிருந்தான். இது எனக்குத் தெரிந்தது மூன்றாம் வருஷத்தில்.

கஷ்டமான கணக்கு கொடுத்த வைத்தியம்

அந்தப் பல்கலைக்கழகத்தில் உதவி இல்லாமல் இல்லை. பின்தங்கியவர்களுக்கான சிறப்பு வகுப்புகள் இருந்தன. ஆனால் இந்த மாணவர்கள் அந்தப் பக்கமே போகவில்லை. ஊரில் முதல் மார்க் வாங்கியவன் 'மக்குகள் வகுப்பு' என்று பெயரான அறைக்குள் நுழைவானா?

அதனால் 1978-ல் ட்ரைஸ்மனும் சகாக்களும் வேறொரு வழியில் போனார்கள். திறமையானவர்களுக்கான ஹானர்ஸ் பட்டறை என்று அழைத்தார்கள். வழக்கமான வகுப்போடு கூட, வாரம் இருமுறை, இரண்டிரண்டு மணி நேரம். அங்கே எளிய பயிற்சி கிடையாது. பாடப்புத்தகத்தில் இருப்பதைவிடக் கடினமான கணக்குகள் எழுதிய தாள்தான். கணக்கு அவ்வளவு கடினமானதால் பக்கத்தில் இருப்பவனிடம் பேசாமல் முடியாது. பட்டறையை நடத்துபவர் விடையைச் சொல்ல மாட்டார். சுற்றி வருவார், கேட்பார், சரியான இடத்தில் ஒரு குறிப்புக் கொடுப்பார், நகர்ந்துவிடுவார்.

அடுத்த சில ஆண்டுகளில் பட்டறையில் சேர்ந்த கறுப்பின மாணவர்களில் கால்குலஸில் தவறியவர்களின் எண்ணிக்கை ஒற்றை இலக்கச் சதவீதத்துக்கு இறங்கியது. பலர் தங்களைவிட நுழைவுத் தேர்வில் அதிக மதிப்பெண் வாங்கி வந்த வெள்ளை, ஆசிய மாணவர்களுக்குச் சமமாக வந்தார்கள். இந்த முறை டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகம் உட்படப் பல இடங்களுக்குப் பரவியது. 1992-ல் ட்ரைஸ்மனுக்கு மெக்ஆர்தர் ஃபெலோஷிப் கிடைத்தது.

இதைக் கேட்டுட்டு "ஓ, நம்ம கம்பைன் ஸ்டடிதானே" என்று நினைப்பீங்க. பாதி சரி. நம் வீடுகளில் கம்பைன் ஸ்டடின்னு சொன்னாலே அம்மாவுக்குச் சந்தேகம் வந்துடும். அந்தச் சந்தேகத்துக்குக் காரணமும் இருக்கு. சும்மா நாலு பேர் ஒரு அறையில் உட்கார்ந்தால் அரட்டைதான் மிஞ்சும். பெர்க்லியில் வேலை செய்தது மூன்று விஷயம் சேர்ந்தபோது: தனியாக முடிக்க முடியாத அளவுக்கு நல்ல கணக்கு, வாரா வாரம் அதே முகங்கள், விடை சொல்லாத ஒரு வழிகாட்டி. இவற்றோடு, 'உன்னால் முடியும் என்பதால்தான் கூப்பிடுகிறோம்' என்ற அழைப்பு.

நம்ம பக்கம்

நம் ஊரில் முதலாம் ஆண்டு மாணவரைப் பற்றி அரசு தீவிரமாக யோசித்தது முதலில் பாதுகாப்புக்காகத்தான். 1996-ல் ஒரு மருத்துவ மாணவர் சீனியரால் கொல்லப்பட்டது தமிழ்நாட்டையே உலுக்கியது. 1997-ல் ராகிங் தடைச் சட்டம் வந்தது. அவசியமான சட்டம். பிறகு 2019-ல் பல்கலைக்கழக மானியக் குழு 'தீக்ஷாரம்ப்' என்ற பெயரில் புதிய மாணவர்களுக்கான அறிமுகத் திட்டத்தைக் கொண்டுவந்தது. வளாகத்தைச் சுற்றிக் காட்டுவது, ஆசிரியரோடு பேச வைப்பது, சீனியர்களோடு பழக வைப்பது எல்லாம் அதில் உண்டு. தெற்குக் கரோலினா 1972-ல் பிடித்த அதே நூல்தான்.

ஆனால் அறிமுக விழா முடிந்து பொன்னாடையும் பூங்கொத்தும் வாடிய பிறகுதான் முதலாம் ஆண்டு உண்மையில் தொடங்குகிறது. ஆறாவது வாரம், முதல் இன்டர்னல் தேர்வு, ராத்திரி பத்து மணி. அந்த நேரத்தில் அந்தப் பிள்ளை யாரோடு உட்கார்ந்திருக்கிறாள்? இந்தக் கேள்வியைக் கேட்கிற கல்லூரி எத்தனை?

இதைக் கேட்டுக்கொண்டிருப்பவர் ஆசிரியராக இருந்தால், அடுத்த முறை "அடிப்படை சரியில்ல" என்று வாயில் வரும்போது ஒரு நிமிஷம் ட்ரைஸ்மனை நினைச்சுக்கோங்க. நாலு பேருக்குச் சேர்த்து ஒரு கஷ்டமான கணக்கைக் கொடுத்துப் பாருங்க. முதலாம் ஆண்டு மாணவராக இருந்தால், இன்னைக்கு ராத்திரி பக்கத்து அறைக் கதவைத் தட்டுங்க தம்பி, தட்டுங்கம்மா. அங்கேயும் ஒருத்தர் அதே பக்கத்துலதான் நிக்கிறாங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.