எச்ஐவி தொற்றுடன் வாழ்வோரும் கொலஸ்ட்ராலும்: துணை ஊட்டப்பொருள்கள் கைகொடுக்குமா?

புது தில்லி: எச்ஐவி தொற்றுக்கு முறையாகச் சிகிச்சை பெறுவோர் இன்று ஏறத்தாழ மற்றவர்களைப் போலவே நீண்ட காலம் வாழ்கின்றனர். வயது கூடும்போது சர்க்கரை நோய், உயர் ரத்த அழுத்தம், ரத்தத்தில் கொழுப்பு மிகுதல் ஆகியவையும் அவர்களை வந்தடைகின்றன. இந்நிலையில், கொலஸ்ட்ராலைக் குறைப்பதற்காக மீன் எண்ணெய், பூண்டு மாத்திரை, சிவப்பு ஈஸ்ட் அரிசி, குக்குலு போன்ற துணை ஊட்டப்பொருள்களை மருத்துவரிடம் கூறாமலே வாங்கி உட்கொள்ளும் வழக்கம் காணப்படுகிறது. இவற்றுள் எவை பயன் தரும், எவை எச்ஐவி மருந்துகளுடன் மோதும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

இதய பாதிப்பு ஏன் கூடுதல்?

இந்தியாவில் சுமார் 25 லட்சம் பேர் எச்ஐவி தொற்றுடன் வாழ்வதாகத் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு மதிப்பிட்டுள்ளது. ஏஆர்டி எனப்படும் கூட்டு மருந்துச் சிகிச்சை 2004-ஆம் ஆண்டு முதல் அரசு மையங்களில் இலவசமாக வழங்கப்பட்டு வருகிறது.

எச்ஐவி தொற்றுள்ளோருக்கு மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவை ஏற்படும் வாய்ப்பு மற்றவர்களைக் காட்டிலும் சுமார் இரண்டு மடங்கு என ஆய்வுகள் தெரிவிக்கின்றன. மருந்துகளால் வைரஸ் கட்டுக்குள் இருந்தாலும், உடலில் குறைந்த அளவிலான அழற்சி தொடர்ந்து நீடிப்பது இதற்கு முக்கியக் காரணம். லோபினாவிர், ரிட்டோனாவிர் போன்ற சில மருந்துகள் டிரைகிளிசரைடு, கொலஸ்ட்ரால் ஆகியவற்றை உயர்த்துவதும் மற்றொரு காரணம்.

இதற்காக எச்ஐவி மருந்தை நிறுத்துவது பெருந்தவறு. 33 நாடுகளில் 5,472 பேரிடம் நடத்தப்பட்டு, 2006-இல் வெளியான 'ஸ்மார்ட்' ஆய்வில், சிகிச்சையை இடையிடையே நிறுத்தியவர்களுக்கு உயிரிழப்பு மட்டுமன்றி இதய நோய்களும் கூடுதலாக ஏற்பட்டன. மருந்தால் கொழுப்பு உயர்ந்தால், வேறு மருந்துக்கு மாற்ற இயலுமா என்பதை ஏஆர்டி மைய மருத்துவரே தீர்மானிக்க வேண்டும்.

கொழுப்பைக் குறைக்கின்றனவா?

துணை ஊட்டப்பொருள்களின் ஆற்றலை மருந்துடன் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று அமெரிக்காவில் நடைபெற்று, 2022-இல் வெளியானது. இது எச்ஐவி தொற்றுள்ளோரிடம் நடத்தப்பட்டதன்று, பொதுமக்களிடம் நடத்தப்பட்டது. மீன் எண்ணெய், இலவங்கப்பட்டை, பூண்டு, மஞ்சள், தாவர ஸ்டெரால், சிவப்பு ஈஸ்ட் அரிசி ஆகிய ஆறு பொருள்களும், ரோசுவாஸ்டேட்டின் என்ற மருந்தின் 5 மில்லிகிராம் அளவும், வெற்று மாத்திரையும் 28 நாள்கள் வழங்கப்பட்டன. 190 பேர் ஆய்வை நிறைவு செய்தனர். கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல், மருந்து உட்கொண்டவர்களுக்கு சுமார் 38 சதவீதம் குறைந்தது. ஆறு துணைப் பொருள்களில் எதுவும் வெற்று மாத்திரையைவிடக் குறிப்பிடத்தக்க அளவில் எல்டிஎல்-ஐக் குறைக்கவில்லை.

ஒவ்வொரு பொருளின் நிலையும் வேறுபட்டது.

மீன் எண்ணெய்: இதிலுள்ள ஒமேகா-3 கொழுப்பு அமிலங்கள் அதிக அளவில் உட்கொள்ளப்படும்போது டிரைகிளிசரைடைக் குறைக்கின்றன. எச்ஐவி தொற்றுள்ளோரிடம் நடத்தப்பட்ட ஆய்வுகளிலும் இது தெரியவந்துள்ளது. ஆனால் எல்டிஎல்-ஐ இது குறைப்பதில்லை. சிலருக்குச் சற்று உயர்த்தவும் கூடும். அதிக அளவில் எடுத்துக்கொண்டால் இதயத் துடிப்புச் சீர்கேடு ஏற்படும் வாய்ப்பு சிறிது கூடுகிறது.

தாவர ஸ்டெரால்: நாள்தோறும் சுமார் 2 கிராம் வீதம் தொடர்ந்து எடுத்துக்கொண்டால் எல்டிஎல் 10 சதவீதம் வரை குறையலாம் எனப் பல ஆய்வுகள் கூறியுள்ளன. எனினும் 2022-ஆம் ஆண்டு ஆய்வில் குறிப்பிடத்தக்க பயன் காணப்படவில்லை.

இசப்கோல்: இதன் கரையும் நார்ச்சத்து எல்டிஎல்-ஐ மிதமாகக் குறைக்கிறது. மற்ற மருந்துகள் உறிஞ்சப்படுவதை இது தாமதப்படுத்தக்கூடும் என்பதால், மருந்து உட்கொள்ளும் நேரத்துக்கும் இதற்கும் 2 மணி நேர இடைவெளி தேவை.

நியாசின்: வைட்டமின் பி3 வகையைச் சேர்ந்தது. ரத்தப் பரிசோதனை அறிக்கையில் எண்களைச் சீராக்கினாலும், ஸ்டேட்டின் உட்கொள்வோருக்குக் கூடுதலாக இதைக் கொடுத்தபோது மாரடைப்பு குறையவில்லை என்பதை இரு பெரிய ஆய்வுகள் காட்டின. ரத்தச் சர்க்கரையையும் இது உயர்த்தும்.

குக்குலு: ஆயுர்வேதத்தில் பயன்படும் இந்தப் பிசினைக் கொண்டு 2003-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், எல்டிஎல் குறைவதற்குப் பதிலாகச் சற்று உயர்ந்தது. சிலருக்குத் தோலில் ஒவ்வாமைத் தடிப்பும் ஏற்பட்டது. இதிலுள்ள வேதிப்பொருள், கல்லீரலில் மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளைத் தூண்டக்கூடியது என்பது ஆய்வகச் சோதனைகளில் தெரியவந்துள்ளது.

ஆபத்து எங்கே தொடங்குகிறது?

எச்ஐவி மருந்துகளில் பலவும், கொலஸ்ட்ரால் மருந்துகளில் சிலவும் கல்லீரலில் உள்ள சிஒய்பி3ஏ4 என்ற ஒரே நொதியால் சிதைக்கப்படுகின்றன. ரிட்டோனாவிர், கோபிசிஸ்டாட் ஆகியவை இந்த நொதியின் வேலையைத் தடுக்கின்றன. அதனால் அந்த நொதியை நம்பியுள்ள வேறு மருந்துகள் ரத்தத்தில் பன்மடங்கு தேங்கிவிடும். நொதியைத் தூண்டும் பொருள்கள் இதற்கு எதிரான விளைவைத் தருகின்றன. எச்ஐவி மருந்து விரைவில் சிதைந்து, வைரஸைக் கட்டுப்படுத்தப் போதாத அளவுக்குக் குறைந்துவிடும்.

முதல் வகை ஆபத்துக்குச் சிவப்பு ஈஸ்ட் அரிசி எடுத்துக்காட்டு. அரிசியை ஒருவகைப் பூஞ்சையால் நொதிக்கவைத்துத் தயாரிக்கப்படும் இது, இயற்கைப் பொருள் என விற்கப்படுகிறது. ஆனால் இதிலுள்ள மோனாகோலின் கே என்ற பொருளும், லோவாஸ்டேட்டின் என்ற மருந்தும் வேதியியல் அடிப்படையில் ஒன்றே. லோவாஸ்டேட்டின், சிம்வாஸ்டேட்டின் ஆகிய இரண்டையும் ரிட்டோனாவிர் கலந்த சிகிச்சை பெறுவோர் உட்கொள்ளவே கூடாது. மீறினால் கடுமையான தசைச் சிதைவு ஏற்பட்டு, சிறுநீரகம் செயலிழக்கும் நிலை வரலாம். மருத்துவர் எழுதித்தர மறுக்கும் மருந்தையே, நோயாளி அறியாமல் வேறு பெயரில் வாங்கி உட்கொள்கிறார் என்பதே இதன் பொருள்.

மேலும், இப்பொருளில் மோனாகோலின் எவ்வளவு உள்ளது என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு வேறுபடுகிறது. சிலவற்றில் சிறுநீரகத்தைப் பாதிக்கும் சிட்ரினின் என்ற நச்சும் கண்டறியப்பட்டுள்ளது. ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல், ஒரு நாளைய அளவில் மோனாகோலின் 3 மில்லிகிராமுக்குக் குறைவாகவே இருக்க வேண்டும் எனக் கட்டுப்பாடு விதித்தது.

மருந்தின் அளவைக் குறைத்துவிடும் ஆபத்துக்குப் பூண்டு மாத்திரை எடுத்துக்காட்டு. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களின் ஆய்வாளர்கள் ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்கு இதனை மூன்று வாரங்கள் கொடுத்தபோது, சாக்வினாவிர் என்ற எச்ஐவி மருந்தின் ரத்த அளவு ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. மாத்திரையை நிறுத்தி 10 நாள்கள் கழிந்தும் பழைய அளவு முழுமையாகத் திரும்பவில்லை. சாக்வினாவிர் இன்று பெரிதும் வழக்கொழிந்துவிட்டாலும், அந்த எச்சரிக்கை இன்றும் பொருந்தும். இந்த ஆய்வு செறிவூட்டப்பட்ட மாத்திரையைப் பற்றியது. குழம்பில் சேர்க்கும் பூண்டைப் பற்றியதன்று.

டோலுடெக்ராவிர் உட்கொள்வோர் கவனத்துக்கு

இந்தியாவில் தற்போது பெரும்பாலானோருக்கு டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் ஆகிய மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை வழங்கப்படுகிறது. இதில் ரிட்டோனாவிர் இல்லாததால் மேற்கண்ட மோதல்கள் குறைவு. ஆனால் கால்சியம், இரும்புச்சத்து, துத்தநாகம், மெக்னீசியம் ஆகியவை அடங்கிய மாத்திரைகள் டோலுடெக்ராவிருடன் வயிற்றில் பிணைந்து, அது உறிஞ்சப்படுவதைத் தடுக்கின்றன. பல வைட்டமின் மாத்திரைகளிலும் இந்தத் தாதுக்கள் உள்ளன.

எனவே இத்தகைய மாத்திரைகளுக்கு 2 மணி நேரம் முன்போ, 6 மணி நேரம் பின்போ டோலுடெக்ராவிரை உட்கொள்ள வேண்டும். கால்சியம் அல்லது இரும்புச்சத்து மாத்திரையாக இருப்பின், உணவுடன் சேர்த்து இரண்டையும் ஒரே நேரத்தில் எடுத்துக்கொள்ளலாம். மெக்னீசியம், அலுமினியம் கலந்த வயிற்றுப்புண் மருந்துகளுக்கு இந்த விலக்கு இல்லை; இடைவெளி கட்டாயம்.

உறுதியான சான்றுள்ள வழி எது?

இந்தியா உள்பட 12 நாடுகளில், 40 முதல் 75 வயது வரையிலான எச்ஐவி தொற்றுள்ளோர் 7,769 பேரிடம் நடத்தப்பட்ட 'ரிப்ரீவ்' ஆய்வின் முடிவுகள் 2023-இல் வெளியாயின. இதய நோய் வாய்ப்பு குறைவாகவோ மிதமாகவோ இருந்த இவர்களில் ஒரு பிரிவினருக்கு நாள்தோறும் 4 மில்லிகிராம் பிட்டவாஸ்டேட்டின் வழங்கப்பட்டது. வெற்று மாத்திரை பெற்றவர்களைக் காட்டிலும் இவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் உள்ளிட்ட பெரிய பாதிப்புகள் 35 சதவீதம் குறைந்தன. பக்கவிளைவுகளும் இருந்தன: சர்க்கரை நோய் 5.3 சதவீதத்தினருக்கு ஏற்பட்டது. மற்றப் பிரிவில் இது 4 சதவீதம். தசை வலி, தளர்ச்சி போன்றவை 2.4 சதவீதத்தினருக்கு ஏற்பட்டன. மற்றப் பிரிவில் 1.4 சதவீதம்.

பிட்டவாஸ்டேட்டின் பெரும்பாலான எச்ஐவி மருந்துகளுடன் மோதுவதில்லை. அடோர்வாஸ்டேட்டின், ரோசுவாஸ்டேட்டின் ஆகியவற்றையும், உடன் உட்கொள்ளும் எச்ஐவி மருந்துக்கு ஏற்ப அளவைக் கட்டுப்படுத்தி மருத்துவர்கள் பரிந்துரைக்கின்றனர். எந்தத் துணை ஊட்டப்பொருளுக்கும் எச்ஐவி தொற்றுள்ளோரிடம் இத்தகைய பெரிய ஆய்வின் சான்று இல்லை.

புகை பிடிப்பதை நிறுத்துதல், நாள்தோறும் நடைப்பயிற்சி, வனஸ்பதி, நெய், பொரித்த உணவுகளைக் குறைத்தல், பருப்பு, பயறு, ஓட்ஸ், காய்கறிகளைக் கூட்டுதல் ஆகியவை எந்த மருந்துடனும் மோதாமல் பயன் தருபவை.

சட்டம் கூறுவது என்ன?

இந்தியாவில் துணை ஊட்டப்பொருள்கள் மருந்துச் சட்டத்தின் கீழ் அல்லாமல், உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதிகளின் கீழ் வருகின்றன. மருத்துவப் பயன்பாட்டுக்கு உரியதன்று என்ற அறிவிப்பு இவற்றின் உறையில் இடம்பெற வேண்டும். ஆகவே இவை நோயைக் குணப்படுத்தும் என்ற விளம்பர வாசகங்களை நம்பத் தேவையில்லை.

தொற்று வெளியே தெரிந்துவிடும் என்ற அச்சத்தால், இதய மருத்துவரிடமும் சித்த, ஆயுர்வேத மருத்துவர்களிடமும் எச்ஐவி மருந்து உட்கொள்வதைப் பலர் மறைக்கின்றனர். அவர்கள் எழுதித்தரும் மருந்து மோதுமா என்பதைக் கண்டறியும் வாய்ப்பு அதனால் இல்லாமல் போகிறது. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்ஐவி மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம், நோயாளியின் ஒப்புதலின்றி அவரது தொற்று நிலையை வெளியிடுவதைப் பொதுவாகத் தடை செய்கிறது.

செய்ய வேண்டியவை

* வீட்டில் உள்ள வைட்டமின், மூலிகை, எண்ணெய் மாத்திரைகள் அனைத்தையும் உறையுடன் ஏஆர்டி மையத்துக்கு எடுத்துச் சென்று காட்ட வேண்டும்.
* 40 வயதைக் கடந்தவர்கள், கொழுப்புப் பரிசோதனை, ஸ்டேட்டின் தேவை ஆகியவை குறித்து மருத்துவரிடம் தாங்களே கேட்க வேண்டும்.
* சிவப்பு ஈஸ்ட் அரிசி, பூண்டு மாத்திரை, குக்குலு ஆகியவற்றை ஏற்கெனவே உட்கொள்வோர் அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திராமல் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.
* கடும் தசை வலி, பழுப்பு நிறச் சிறுநீர் ஆகியவை தோன்றினால் உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.
* எக்காரணம் கொண்டும் எச்ஐவி மருந்தைத் தாமாக நிறுத்தக் கூடாது.

எச்ஐவி தொடர்பான ஐயங்களுக்கு, தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் கட்டணமில்லா உதவி எண் 1097-ஐத் தொடர்புகொள்ளலாம்.