முப்பத்தைந்து வயதுக்கு அப்பால்

இந்தியாவின் முதியோர் கல்வியை முப்பது ஆண்டுகள் ஓர் எண் ஆட்டிவைத்தது. 1978 அக்டோபர் 2 அன்று தொடங்கிய தேசிய வயது வந்தோர் கல்வித் திட்டம், 15 முதல் 35 வயதுக்கு உட்பட்ட 10 கோடிப் பேருக்கு எழுத்தறிவு தருவதாக அறிவித்தது. 1988-இல் வந்த தேசிய எழுத்தறிவு இயக்கம் இலக்கை 8 கோடியாகக் குறைத்தது. வயதில் கை வைக்கவில்லை. உழைக்கும் வயதில், பிள்ளை பெறும் வயதில் இருப்பவருக்குக் கற்பித்தால் விளைச்சல் கூடும், குடும்பம் அளவோடு இருக்கும், பிள்ளைகள் பள்ளிக்குப் போவார்கள் என்பது அதன் பின்னால் இருந்த கணக்கு. அந்தக் கணக்கில், தன் பெயரைத் தானே எழுதிப் பார்க்க ஆசைப்படும் ஐம்பது வயதுக்காரிக்கு இடமே இல்லை. திட்டக்காரர்களின் பார்வையில் அவள் காலம் முடிந்துவிட்டது. இந்த எல்லை தொடக்கத்திலிருந்தே தவறானது என்று நான் கருதுகிறேன். கேரளமும் புதுக்கோட்டையும் கண்ட அனுபவமே அதற்குப் போதிய சான்று.

எர்ணாகுளம் மாவட்டம் 1989 ஜனவரியில் எழுத்தறிவு இயக்கத்தைத் தொடங்கியபோது 60 வயது வரையுள்ளவர்களைச் சேர்த்துக்கொண்டது. மாவட்ட நிர்வாகமும் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற மக்கள் அறிவியல் அமைப்பும் திரட்டிய சுமார் 20,000 தொண்டர்கள் வீட்டுத் திண்ணையிலும் மீனவர் குப்பத்திலும் வகுப்பு எடுத்தார்கள். வயதானவர்களுக்கு எழுத்து மண்டையில் ஏறாது என்ற பேச்சு அங்கும் இருந்தது. பலருக்கு எழுத்து கண்ணுக்கே தெரியவில்லை என்பது வகுப்பு தொடங்கிய பிறகுதான் புரிந்தது. உடனே நன்கொடையாக மூக்குக்கண்ணாடிகள் சேகரிக்கப்பட்டன; யாருக்கு எந்தக் கண்ணாடி பொருந்தும் என்று பார்க்கத் தொண்டர்கள் மருத்துவர்களிடம் கற்றுக்கொண்டார்கள். 50,000-க்கும் மேற்பட்ட கண்ணாடிகள் கைமாறின. இந்தச் செய்தியை முதியோர் கல்வி வரலாற்றின் மிக முக்கியமான பக்கமாக நான் மதிக்கிறேன். மூளையின் மீது சுமத்தப்பட்ட பழியில் பெரும்பகுதி வெள்ளெழுத்தால் வந்தது! 1990 பிப்ரவரி 4 அன்று எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமானது. அடுத்த ஆண்டு ஏப்ரல் 18 அன்று கோழிக்கோட்டில் மாநிலம் முழுமைக்குமான அறிவிப்பை வாசித்தவர், மலப்புறத்தைச் சேர்ந்த, வயது முதிர்ந்த பிறகு எழுத்துக் கற்ற சேலக்கோடன் ஆயிஷா.

முதுமையில் எழுத்துக் கற்றவர்கள் இத்தனை காலம் ஏன் காத்திருந்தார்கள் என்று கேட்டால், கற்பவர்மேல் பழி போடுவதே வழக்கம்: அக்கறையில்லை, சோம்பல் என்று. உண்மை வேறு. இன்றைய கேரளத்தின் தென்பகுதியான திருவிதாங்கூரில் கல்வி அரசின் பொறுப்பு என்று ராணி கௌரி பார்வதி பாய் ஆணையிட்டது 1817-இல். அதற்கு நூறாண்டுக்குப் பின் கொல்லத்தில் வளர்ந்து, முதுமையில் தேர்வு எழுதிய பாகீரதி அம்மா, தாய் இறந்ததால் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள மூன்றாம் வகுப்போடு நின்றார். அவரைப் போலவே முதுமையில் தேர்வு எழுதிய ஆலப்புழை சேப்பாட்டின் கார்த்தியாயினி அம்மா கோயில்களில் துப்புரவு வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். 1951 கணக்கெடுப்பின்படி இந்தியப் பெண்களில் நூற்றுக்கு ஒன்பது பேருக்குத்தான் எழுத்துத் தெரியும். அந்தத் தலைமுறையின் பெண்கள் ஆசையை ஒத்திப்போடவில்லை. வீடும் ஊரும் அவர்களுக்காக ஒத்திப்போட்டன. ஆகவே பிற்காலத்தில் அவர்களுக்குக் கற்பிப்பதைச் சலுகை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது பாக்கியைத் தீர்ப்பது.

எதிர்வாதங்களில் வலுவானது, கற்றது நிலைக்கவில்லை என்பது. இதில் உண்மை இருக்கிறது. இயக்கம் ஓய்ந்ததும் பல மாவட்டங்களில் ஏராளமானோர் மறுபடி கைநாட்டுக்குத் திரும்பினார்கள். ஆனால் மறதிக்குக் காரணம் வயதா, வாசிக்க எதுவும் இல்லாத ஊரா? கேரளத்தில் பி.என். பணிக்கர் 1945-இலேயே 47 நூலகங்களை இணைத்துக் கிரந்தசாலைச் சங்கத்தைத் தொடங்கியிருந்தார். எழுத்தறிவு வந்து சேர்ந்தபோது அங்கே தாங்கிப்பிடிக்க ஓர் இடம் இருந்தது. தமிழ்நாட்டின் புதுக்கோட்டையில் 1991-இல் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் தொடங்கியபோது ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் வேறொரு வழி கண்டார். பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுப்பது இயக்கத்தின் பகுதியாயிற்று. சைக்கிள் வாங்க வங்கிக் கடன் கிடைத்தது. கேலி பேசிய ஆண்களுக்கு நடுவே பல்லாயிரம் கிராமத்துப் பெண்கள் ஓட்டப் பழகினார்கள். முன்னால் பிள்ளையை உட்காரவைக்க வசதி என்று குறுக்குக் கம்பி உள்ள ஆண்கள் சைக்கிளையே வாங்கியவர்களும் உண்டு. கூலிக்குக் கல் உடைத்த பெண்கள் குழுவாகச் சேர்ந்து குவாரிகளைக் குத்தகைக்கு எடுத்தார்கள். எழுத்தில் சிலவற்றை மறந்திருக்கலாம். சந்தைக்கும் அலுவலகத்துக்கும் தனியாகப் போய்வரும் துணிச்சலை அவர்கள் மறந்தார்கள் என்று யாரும் சொல்ல முடியாது.

குழந்தைகளுக்கே பள்ளி போதாதபோது கிழவிக்கு ஏன் செலவு என்பது இன்னொரு கேள்வி. எர்ணாகுளத்தில் சம்பளம் வாங்காத தொண்டர்கள்தாம் ஆசிரியர்கள். குழந்தைகளின் பங்கிலிருந்து எதுவும் பிடுங்கப்படவில்லை. கார்த்தியாயினி அம்மா 2018-இல் கேரளத்தின் அட்சரலட்சம் எழுத்தறிவுத் தேர்வில், 96 வயதில், நூற்றுக்கு 98 மதிப்பெண் பெற்றபோது அவருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர்கள் பள்ளியில் படிக்கும் கொள்ளுப் பேரப்பிள்ளைகள். அந்த வீட்டில் குழந்தையின் படிப்பும் முதியவரின் படிப்பும் ஒன்றையொன்று வளர்த்தன.

2009-இல் வந்த சாக்ஷர் பாரத் திட்டம் 15 வயதுக்கு மேற்பட்ட எல்லோரையும் கணக்கில் எடுத்தது. 35 என்ற எல்லை ஆவணத்திலிருந்து போனது. ஆவணத்தில் இடம் கொடுத்தால் மட்டும் முதியவர் வந்துவிட மாட்டார். அவர் உடம்புக்கு ஏற்ற ஏற்பாடும் வேண்டும். 2019-இல் 105 வயதில் பாகீரதி அம்மா நான்காம் வகுப்புச் சமநிலைத் தேர்வு எழுதியபோது, கேரள எழுத்தறிவு இயக்கம் வினாத்தாள்களை வீட்டிலேயே கொடுத்து மூன்று நாள் அவகாசம் தந்தது. 275-க்கு 205 வாங்கினார். கணக்கில் 75-க்கு 75. இத்தகைய ஏற்பாட்டை ஒரு மாநிலம் ஒருவருக்காகச் செய்ய முடிந்தது என்றால், மற்ற முதியோர் கற்போருக்கும் எல்லா மாநிலங்களும் அதை விதியாக்கலாம்.